சொல்லாமல் வரும் அதிகாரி

"இனிமே இந்த வீட்ல யாரும் கத்தக் கூடாது!" என்று மாஸ்டர் கத்தினார்.

வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

"யாரும்னா?" என்று கேட்டாள் மனைவி.

"நான்தான்."

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். எதிரே நாய் வந்தால் பிரேக்குக்கு முன்னால் அவர் தொண்டைதான் வேலை செய்யும். நாய் ஓடிவிடும், ஓட்டுகிறவரும் பாதி நாள் இறங்கி ஓடிவிடுவார். மனைவிக்குப் பல் டாக்டரிடம் வேலை. பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்க வைப்பாள், மாலையில் வந்து இவர் வாயை மூட வைப்பாள்.

இந்தத் திடீர் ஞானத்துக்குக் காரணம் உண்டு. ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்க மனுப் போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அன்றுதான் அதிகாரியம்மா வீட்டைப் பார்க்க வந்தார். ஜன்னல் கம்பியைப் பார்த்தார், குளியலறைத் தாழ்ப்பாளைப் பார்த்தார், மாஸ்டரை ரொம்ப நேரம் பார்த்தார். சமையலறையில் மனைவியோடு ஏதோ பேசிவிட்டுக் கிளம்பினார்.

"என்ன சொன்னாங்க?"

"மறுபடி வருவாங்களாம்."

"எப்போ?"

"அதைச் சொல்லமாட்டாங்களாம். சொல்லாம வந்தாத்தானே நிஜம் தெரியும்? ஆளை மாத்திக்கூட அனுப்புவாங்களாம்."

குழந்தை கை நழுவிப் போனால் அது தன் வாயால்தான் போகும் என்று மாஸ்டருக்கே தெரியும்.

மறுநாள் மின்சார மீட்டர் பார்க்க ஒருவர் வந்தார். அவரை உட்கார வைத்துப் பழம் நறுக்கிக் கொடுத்தார் மாஸ்டர். "எங்க வீட்ல பாத்திரம் கழுவுறது நான்தான். வேணும்னா இருந்து பாருங்க." வந்தவர் இருந்து பார்த்தார். பொழுது போகவில்லை போலிருக்கிறது. மாஸ்டர் குழம்புச் சட்டிவரை தேய்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு துணி மடித்தார், சிகரெட்டை விட்டார், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் ஓடிப்போய் வாங்கிக்கொண்டார்.

கார் கற்க ஒரு பெண்மணி புதிதாகச் சேர்ந்தார். மூக்குக் கண்ணாடி, கைப்பையில் பேனா. அதிகாரியேதான் என்று முடிவு கட்டினார் மாஸ்டர். கார் சுவரை நோக்கிப் போனது.

"சுவர் வருதும்மா," என்று குழைந்தார்.

"எங்க சார்?"

"முன்னாடிதான் இருக்கு. அவசரமே இல்ல. உங்களுக்குத் தோணும்போது பிரேக்கை மிதிங்க."

தன் பக்கத்து பிரேக்கை மிதித்தால் அதட்டியது போலாகுமே என்று காலை மடக்கிக்கொண்டார். அந்த அம்மாளுக்குத் தோன்றியது, விளக்கு உடைந்த பிறகு. "முதல் நாளைக்கு இது நல்ல இடி," என்று மாஸ்டர் பாராட்டினார். இந்தப் பொறுமை ஊரெல்லாம் பரவி, அவருடைய டிரைவிங் பள்ளியில் கூட்டம் பெருகியது. மாஸ்டருக்குத் தலைகால் புரியாத பெருமை.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை தரை துடைத்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. பார்த்தால் அந்த அதிகாரியம்மாவே!

"வாங்க மேடம்! சொல்லாம வந்துட்டீங்களே! பாருங்க, நான் தினமும் இப்படித்தான்."

அதிகாரி விழித்தார். "நேத்தே உங்க வீட்ல போன்ல சொன்னேனே! சொல்லாம வர்ற வழக்கமே எங்களுக்குக் கிடையாதுங்க. உங்க வீடு அன்னைக்கே பாஸ். குழந்தை அமையத்தான் இத்தனை நாள். அமைஞ்சாச்சு. நாலு வயசு. நாளைக்கே கூட்டிட்டு வரலாம்."

மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே சமயம் மனைவி மேல் கோபம் பொங்கியது. கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

மனைவி சிரித்தாள். "அன்னைக்கு இவங்க, 'உங்க வீட்டுக்காரருக்குக் குரல்தான் கொஞ்சம் பெருசு'ன்னாங்க. 'மனசு அதைவிடப் பெருசு மேடம், குரலை நான் பார்த்துக்கறேன்'னு சொன்னேன்."

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாப்பைச் சுவரில் சாய்த்தார்.

"அப்போ இனிமே யாரும் வந்து பார்க்கமாட்டாங்க?"

"இனிமேதான் இருக்கு. நாளைக்கு வர்ற அதிகாரி எப்ப பார்ப்பான்னு சொல்லமாட்டா, பார்த்துட்டுத் திரும்பிப் போகவும் மாட்டா. மாப்பை எடுங்க, அந்த மூலை இன்னும் பாக்கி."