சேஞ்சுக்கு ஓர் உதாரண வாக்கியம்

மாற்றத்துக்குப் பயப்படும் அலுவலகங்கள் உலகில் ஏராளம். மாற்றம் என்றால் என்ன என்று ஆராய ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்த அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். அங்கே டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்க்கும் பாக்கியம் அவளுக்குக் கிடைத்திருந்தது.

அவளுக்கு வேண்டியது சின்ன விஷயம். ஆறு மணிக்கு முடியும் ஷிஃப்டை விட்டு, மூன்றரைக்கு முடியும் ஷிஃப்டுக்கு மாற வேண்டும். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் நாலு மணியிலிருந்து பூட்டிய பள்ளி கேட்டுக்கு வெளியே தனியாக நிற்கிறாள். இதற்காக ஆபரேட்டர் மூன்று மனு கொடுத்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் மேனேஜர். "இனிமே எல்லாத்துலயும் 'சேஞ்ச்' இருக்கணும்னு தலைமையகத்துலேருந்து சர்க்குலர் வந்திருக்கு. முதல்ல அதுக்கு அர்த்தம் கண்டுபிடிச்சிடுவோம்."

குழு பதினொரு முறை கூடியது. சேஞ்ச் ஒரு பெயர்ச்சொல் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஸ்டோர் கீப்பர் சில்லறை என்ற பொருளையும் சேர்க்கச் சொன்னார். "சில்லறை விஷயத்தையெல்லாம் இங்க பேசாதீங்க" என்று தலைவர் அடக்கினார்.

பொருள் எட்டு தேறியது. பயன்பாட்டுக்கு ஓர் உதாரண வாக்கியம் வேண்டுமே? அங்கே எதுவும் மாறிப் பழக்கமில்லாததால் ஏழு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அப்போதுதான் ஆபரேட்டரின் மனு மேனேஜர் கண்ணில் பட்டது. 'எனக்கு உடனடியாக ஷிஃப்ட் சேஞ்ச் வேண்டும்.' அப்பழுக்கில்லாத வாக்கியம்.

அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவள் தலைக்கு மேலேயே மாட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். கும்பிட்ட தெய்வம் கண் திறந்துவிட்டது என்றே நினைத்தாள்.

"அப்போ நாளையிலேருந்து சீக்கிரமே வந்துடட்டுமா சார்?"

மேனேஜர் ஆடிப்போனார். "என்னம்மா இது, பதினோரு கூட்டம் போட்டு எடுத்த வாக்கியம். எல்லாக் கிளைக்கும் அனுப்பியாச்சு. நீங்க பாட்டுக்கு ஷிஃப்ட் மாறிட்டா அது பொய்யாயிடாதா?"

"பொண்ணு தனியா நிக்கிறா சார். நேத்து மழையில நனைஞ்சுட்டா."

"எழுதிக் கொடுங்க" என்றார் அவர் மனம் உருகி. "அடுத்த பதிப்புல சேர்த்துடலாம்."

அவள் தெய்வத்தைத் திட்டவில்லை. மேனேஜரைத்தான் திட்டினாள், அதுவும் மனதுக்குள். விவரம் தெரியாதவள். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்ல, ஆறு வயதுக் குழந்தையைத் தினமும் தெருவில் நிறுத்திவைக்க தெய்வத்தைத் தவிர வேறு யாருக்கு மனசு வரும்?