மஞ்சள் கார் சரிவில் இடித்த விவரம்

மதிப்பிற்குரிய கார் பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஒன்பது வருடமாகத் தங்கள் பத்திரிகையைப் படித்துவரும் வாசகன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அலுவலகத்தாரும் நலமாகவே இருப்பீர்கள். நான் நலமில்லை. காரணம் தாங்கள்.

நான் ஒரு பெரிய ஓட்டல் வாசலில், வருகிறவர்களிடம் சாவியை வாங்கிக் காரை பேஸ்மென்டில் நிறுத்துகிற டிரைவர். உங்கள் நிருபர் ஸ்போர்ட்ஸ் காரை முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு எழுதுகிறார். நான் ஓட்டுவது அறுபது மீட்டர், முதல் கியரைத் தாண்டியதில்லை. ஆனால் ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். சென்ற இதழில் மூன்று ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிட்டு, சிவப்புக்கு முதலிடம், மஞ்சளுக்கு இரண்டாமிடம், பழைய வெள்ளிக் காருக்குக் கடைசி இடம் கொடுத்தீர்கள். மூன்றும் எங்கள் ஓட்டலுக்கு வருகிறவைதான். சிவப்பு, ஆக்சிலரேட்டரில் காலை வைத்தாலே அவிழ்த்துவிட்ட கன்று மாதிரிப் பாயும், பின்கண்ணாடியில் ஒன்றும் தெரியாது, பத்து வீட்டு விலை கொடுத்துவிட்டு ரிவர்ஸ் எடுக்க "வா, வா" சொல்ல ஓர் ஆளும் வைக்க வேண்டும். வாடிக்கையா வர்ற ஒரு பல் டாக்டரோட வெள்ளிக் கார் பழசு, கதவைத் தூக்கித்தான் சாத்தணும், ஆனா அந்த ஸ்டியரிங் இருக்கே சார், டயருக்கு அடியில கிடக்கிற சின்னக் கல்லைக்கூட கைக்குச் சொல்லிடும். குடுத்த காசுக்கு வண்டின்னா அதுதான்.

மஞ்சளுக்கு வருகிறேன். "முன்பக்கம் தாழ்வானாலும் எந்தச் சரிவிலும் தயங்காமல் இறங்கும்" என்று நாற்பத்தேழாம் பக்கத்தின் கடைசி வரியில் எழுதினீர்கள். அச்சில் வந்ததாயிற்றே என்று நானும் பேஸ்மென்ட் சரிவில் தயங்காமல் இறக்கினேன். பம்பர் தேய்ந்த சத்தம் வரவேற்பறை வரை கேட்டது. கார்க்காரர் ஓடி வந்தார், அவருக்கு முன்னால் எங்கள் மேனேஜர் ஓடி வந்தார்.

"பத்திரிகையில போட்டிருந்துச்சு சார்" என்றேன்.

"பத்திரிகையைப் பாத்தா வண்டி ஓட்டுவ? சரிவைப் பாக்க மாட்டியா?"

"ஒன்பது வருஷத்துல ஒரு கீறல் இல்ல சார்."

"இப்ப இருக்கே" என்றார் மேனேஜர்.

அன்றிலிருந்து நான் சாவி கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். சாவியை ஆணியில் மாட்டலாம், காரைத் தொடக்கூடாது. சொந்தமா ஒரு சைக்கிள்கூட இல்லாதவனுக்கு அந்த அறுபது மீட்டர்தான் சார் இருந்துச்சு. அதையும் ஒரே வரியில பிடுங்கிட்டீங்க. வயிறு எரியுது. தவறு உங்களுடையது என்று அடுத்த இதழில் அச்சிட வேண்டும், அதை நான் மேனேஜர் மேசையில் வைக்க வேண்டும். உங்கள் பத்திரிகை வாங்குவதை இன்றோடு நிறுத்துகிறேன்.

தாங்கள் குடும்பத்தோடு நீடூழி வாழ்க. நிருபரும் வாழட்டும், சரிவில்லாத ஊரில்.

இப்படிக்கு,
சாவி கவுன்ட்டர்

பின்குறிப்பு: உண்மையில் நான் உங்கள் பத்திரிகையை வாங்கியதே இல்லை. வாடிக்கையாளர் காரில் கிடந்தால், நிறுத்திவிட்டு இறங்குவதற்குள் ஒரு பக்கம் பார்ப்பேன். நேற்று பல் டாக்டர் இரக்கப்பட்டு அந்த இதழைக் கொடுத்தார். இப்போதுதான் நாளெல்லாம் நேரம் இருக்கிறதே, பக்கத்தைத் திருப்பினேன். நாற்பத்தெட்டாம் பக்கம், முதல் வரி: "ஆனால் இறங்கும் முன் காரின் முன்மூக்கைத் தூக்கும் பட்டனை அழுத்த மறக்காதீர்கள்." ஆகவே இந்தக் கடிதத்தை அச்சிட வேண்டாம். வெள்ளிக் காரைப் பற்றிச் சொன்னதை மட்டும் போடுங்கள். அது படித்ததல்ல, ஓட்டித் தெரிந்துகொண்டது.