ஆவடியில் ஸ்கீக்கு மெழுகு போட்டவன்

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனுக்குக்கூட நம் ஊரில் அனுதாபம் கிடைக்கும். உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவனைப் பார்த்தால் சிரிப்புதான். முப்பது வருஷத்துக்கும் மேலாக இதனால் எனக்கு வயிறு எரிகிறது.

எண்பதுகளின் கடைசி. அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் டிப்ளமோ முடித்து இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தேன். (சும்மா என்றால் ரேஷன், மாவு மில், பால் பூத் எல்லாம் நான்தான்.) பொங்கல் முடிந்த கையோடு அம்பத்தூர் கம்பெனி ஒன்றிலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தது. எனக்கு வந்த முதல் அழைப்பு!

அந்த நேரம் பார்த்து அக்காவின் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார். இமயமலைப் பக்கம் பட்டாளத்தில் இருந்தவர். பனியில் சறுக்கி ஓடும் பந்தயத்தில் பெரிய சூரராம். ஆளுயர ஸ்கீ பலகைகளை யாரையும் நம்பி விட்டுவர மனமில்லாமல், ரயிலில் கூடவே தூக்கி வந்துவிட்டார். இன்டர்வியூ அன்று மாலைதான் அவரும் கிளம்பி நேரே பந்தயத்துக்குப் போகிறார். அதற்குள் பலகைகளின் அடிப்பக்கத்தில் மெழுகை உருக்கித் தேய்க்க வேண்டுமாம்.

"மச்சான், சும்மாதானே இருக்கே? வா, ஒரு கை பிடி" என்றார் காலையில். பதினோரு மணிக்கு இன்டர்வியூ வைத்திருப்பவனைப் பார்த்துச் சும்மாவாம்!

வீட்டில் கரண்ட் இல்லை. ஆளுக்கொரு பலகையோடு தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போனோம். என்னுடைய ஒரே வெள்ளைச் சட்டையும் அங்கேதான் இருந்தது.

இஸ்திரி போடும் கன்னியப்பன் பலகைகளை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா இது, கட்டில் சட்டமா? நான் துணிதான் தேய்ப்பேன், கட்டையெல்லாம் தேய்க்க மாட்டேன்."

"பட்டாளத்துக்குங்க" என்றார் மாமா.

"மில்ட்ரியா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? குடு அண்ணாத்தே!"

நீல மெழுகுக் கட்டியைச் சூடான பெட்டியில் வைத்து அழுத்தி, பலகை நெடுகச் சொட்டவிட்டு, பெட்டியாலேயே பரப்பினார். மெழுகு ஆறியதும் மாமா என் கையில் ஒரு பிளாஸ்டிக் தகட்டைக் கொடுத்தார். "சுரண்டு."

"எதை?"

"போட்ட மெழுகத்தான். எல்லாத்தையும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எடுக்கிறதுக்கு எதுக்கு மாமா போடணும்?"

"உள்ள ஊறினது போதும். மேல நிக்கிறது ஓடவிடாம இழுக்கும்."

"அதானே, இன்னா வேல இது!" என்று எனக்காகப் பரிந்து பேசிக்கொண்டே கன்னியப்பன் அடுத்த துணியை எடுத்தார். அது என் சட்டை. பெட்டியின் அடியைத் துடைக்க வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் நியாயம் கேட்பதில் மும்முரமாக இருந்தேன். (நான் படித்தது மெக்கானிக்கல் என்பதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.)

நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு நீலக் கறை. வடை மடித்த காகிதம் மாதிரி உள்ளே பனியன் தெரிந்தது. "ஈரம்டா, பஸ்ஸுல காத்து பட்டா காஞ்சிடும்" என்றாள் அம்மா. மெழுகு எந்த ஊரில் காய்கிறது?

இன்டர்வியூவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார்: "சட்டையில என்னப்பா?"

"மெழுகு சார்."

"கரண்ட் போயிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரிச்சந்திரன் பேரன், சொல்லவில்லை. "இல்ல சார், ஸ்கீக்குப் போடுற மெழுகு. பனியில சறுக்குற பலகை சார்."

"எங்க போட்டே?"

"ஆவடியில சார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஆவடியில எப்பப்பா பனி பெஞ்சுது?" என்றார் ஓரத்தில் இருந்தவர். நான் மாமாவில் தொடங்கி இஸ்திரி வண்டிவரை விளக்கினேன். விளக்க விளக்க அவர்கள் முகம் இறுகியது. "வேலையில சேர்றதுக்கு முன்னாடியே இவ்வளவு புளுகினா, சேர்ந்தா என்ன பண்ணுவே? போ" என்றார் நடுவில் இருந்தவர். வேலை என்று ஒன்று கிடைக்க இன்னும் ஒரு வருஷம் ஆனது.

மாமா பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். அடுத்த லீவில் வந்தபோது சொந்தக்காரர்கள் நடுவே நிறுத்தி, "நீங்களே சொல்லுங்க மாமா" என்றேன். அந்த மனிதர் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ஸ்கீயா? ஆவடியிலயா? மச்சானுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். அக்காவும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தார்களே தவிர, வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டு விசேஷம் ஒன்று பாக்கியில்லாமல் இதே கூத்துதான்.

போன மாதம் என் மகள் நிச்சயதார்த்தத்திலும் நடந்தது. எல்லோரும் சிரித்தார்கள், புதுச் சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக அழைத்துப்போய், "எங்க வீட்டுல பொய் பேசுற பழக்கம் இல்லீங்க" என்றார்.