இருவாச்சிக்குக் குலவை போட்ட விவகாரம்

வால்பாறை மலை,
வெள்ளிக்கிழமை, மழை.

என் மகன் வீரணனுக்கு, உன்னைப் பெற்ற தாய் சோலையம்மாள் மலைமேல் இருந்து எழுதிக்கொண்டது. நான் இங்கே நனைந்தபடி சுகமாக இருக்கிறேன். நீயும் உன் அப்பாவும் மருமகள் சுகந்தியும் நம்ம ஆடுகளும் அங்கே காய்ந்தபடி சுகமாக இருக்க அய்யனாரை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே, "சரிம்மா, வண்டி எடுக்கணும், வச்சிருறேன்" என்று உன் மினிபஸ்ஸைச் சாக்குச் சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மீதி என்னவோ என்று உனக்கே சோறு இறங்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பாலிடெக்னிக் போன உன் எழுத்தைவிட எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்பதையும் பார்த்துக்கொள்.

நீ என்ன சொல்லி என்னை பஸ் ஏற்றினாய்? "பிருந்தா வேலை பார்க்கிற இடத்தை நீயே போயிப் பாரும்மா. நல்ல இடம்னு நீ சொன்னா அவ அங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா கையோட கூட்டிட்டு வந்துரு, மல்லாங்கிணத்துக்காரக பொண்ணு பார்க்க வாரோம்னு நிக்கிறாக" என்றாய். பார்த்துவிட்டேன். நல்ல இடம் இல்லை. உன் மகள், எம்.எஸ்ஸி. படித்த பெண், வருகிற ஆட்களைக் காட்டுக்குள் கூட்டிப் போய் மிருகமும் பறவையும் காட்டுகிறாள். அதுவும் நிரந்தர வேலை கிடையாது. இந்தத் தடவை வந்திருக்கிறவர்கள் முதலாளியிடம் நல்லபடியாகச் சொன்னால்தான் நிரந்தரமாம். இப்படி ஒரு பரீட்சை நேரத்தில்தான் நான் வந்து இறங்கினேன். இது தெரிந்திருந்தால் ஒரு வாரம் கழித்து வந்திருப்பேன். தெரியாமல் போனது என் குற்றம் இல்லை.

வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஹரீஷ், பெங்களூருக்காரர். அவர் கேமராவின் மூக்கு நம்ம ஆட்டுக்கல் குழவி பருமன் இருக்கும், அதைப் பச்சைப் பிள்ளை மாதிரி துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு அலைகிறார். இன்னொருவர் சுந்தராம்பாள் டீச்சர், கோயம்புத்தூரில் ஹெட்மிஸ்டிரஸாக இருந்து ஓய்வு பெற்றவர், இருமல் வந்தால்கூட முந்தானைக்குள் இருமுகிறவர். மூன்றாவதாக நான். புறப்படும்போதே உன் மகள் எனக்குச் சட்டம் போட்டாள். பேசக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது, சிவப்புக் கட்டக் கூடாது. நான் இதற்கென்றே எடுத்துக் கட்டியிருந்த அரக்குச் சுங்குடிச் சேலை மேலே ஒரு பச்சை மழைக்கோட்டை மாட்டிவிட்டாள். பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தேன். காடு என்றால் நம்ம பக்கம் கருவேலங்காட்டில் நின்றால் திருச்சுழி பஸ் திரும்புவது தெரியும். இங்கே பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. மேலே மரம், அதற்கு மேலே மரம், கீழே அட்டை. நான் பெற்ற பிள்ளைகள் யாரும் அந்த அட்டைகளைப்போல அத்தனை பாசமாக என் காலைப் பிடித்ததில்லை. இவ்வளவும் பட்டு முதல் நாள் என்ன பார்த்தோம் என்கிறாய்? யானை போட்டுவிட்டுப் போன லத்தி. மூன்று பேரும் சுற்றி நிற்க, உன் மகள் குச்சியால் அதைக் கிளறி, உள்ளே இருக்கிற விதை எந்த மரத்து விதை என்று பாடம் நடத்துகிறாள். அந்த டீச்சர் குனிந்து, "எவ்வளவு அருமை" என்கிறார். வீட்டில் தொழுவத்துச் சாணியை அள்ளச் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின பிள்ளை இவள்.

அதோடு விட்டதா? தங்கின வீட்டுக்கு வந்தால் கொட்டுகிறது மழை. கூரையிலிருந்து கயிறு கயிறாகத் தண்ணீர் இறங்குகிறது, ஒரு குடம் வைக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. எனக்கு நெஞ்சு பொறுக்குமா? அடுப்படியில் இருந்த அண்டா, குண்டான், இட்லிச் சட்டி, டீ போடுகிற கெண்டி என்று எல்லாவற்றையும் தூக்கி வாசலில் வரிசையாக வைத்தேன். விடிந்ததும் சமையல்கார அனுசியா வந்து நிற்கிறாள்.

"அம்மா, டீ போடப் பாத்திரம் எங்க?"

"எல்லாம் தண்ணி பிடிச்சுக்கிட்டு இருக்கு."

"இங்க எதுக்கும்மா தண்ணி பிடிக்கணும்? பின்னாடியே ஓடை ஓடுது."

"ஓடுறதை நிப்பாட்டி வைக்கத்தான பாத்திரம்" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். ஆனால் அன்றைக்கு எல்லாரும் டீ இல்லாமல் புறப்பட்டார்கள், அந்தப் பழியும் என் தலையில் விழுந்தது.

இரண்டாம் நாள் ஜீப்பில் உச்சிக்குப் போனோம். அங்கே இருக்கிறது சோலைக்காடாம், எப்போதும் மேகத்துக்குள்ளேயே கிடக்குமாம். எனக்குச் சோலையம்மாள் என்று பேர் வைத்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் வேறு பேர் யோசித்திருப்பார்கள். வீரணா, நம்ம ஊர் மேலே நிற்காமல் போகிற மேகமெல்லாம் எங்கே போகிறது என்று இத்தனை வருசமாக அண்ணாந்து பார்த்திருக்கிறேனே, எல்லாம் இங்கேதான் வந்து வேலைவெட்டி இல்லாமல் படுத்துக் கிடக்கிறது. மரத்துக்கு மரம் சாய்ந்துகொண்டு, பாறையில் உட்கார்ந்துகொண்டு. எனக்கு வந்த ஆத்திரத்தில், "நல்லா இருக்குல்ல இங்க?" என்று ஒரு மேகத்தைப் பார்த்துக் கேட்டேவிட்டேன். டீச்சர் உதட்டில் விரலை வைத்தார். அரை நாள் குளிரில் நடுங்கி நின்றபின் மேகம் கொஞ்சம் விலகியது, உன் மகள் மெதுவாக, "அந்தா பாருங்க, வரையாடு" என்றாள். வீட்டில் ஆட்டைக் கட்டிப் போட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, மலையேறி வந்து நான் ஆடு பார்த்தேன்.

இனிமேல்தான் விசயமே. இருவாச்சி என்று ஒரு பறவை, மூக்குக்கு மேலே இன்னொரு மூக்கு வைத்தது. முட்டை வைக்கிற காலத்தில் பொட்டைப் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு சின்னச் சந்து மட்டும் விடும். ஆண் பறவை காடெல்லாம் அலைந்து பழம் கொண்டுவந்து அந்தச் சந்து வழியாக ஊட்டும். நீ பிறந்தபோது உன் அப்பா ஒரு பொட்டலம் மிக்சர் வாங்கிக்கொண்டு வந்தார், அதிலும் பாதியை வழியிலேயே தின்றுவிட்டார். அதனால் நான் இதை நம்பவில்லை. மூன்றாம் நாள் தழை மறைப்புக்குள் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தோம். திடீரென்று தலைக்கு மேலே உஸ்ஸு உஸ்ஸென்று சத்தம், உன் மினிபஸ் மேடேறுகிற மாதிரி. ஆண் வந்துவிட்டது. பொந்து வாசலில் ஒட்டி நின்று, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து உள்ளே நீட்டுகிறது. உள்ளே இருந்து ஒரு மூக்கு நுனி வந்து வாங்குகிறது. பிள்ளை பெற்றவள் வீட்டுக்குச் சீர் வந்து இறங்குகிறபோது குலவை போடாமல் எவளாவது வாயை மூடிக்கொண்டு நிற்பாளா? எனக்குத் தெரியாமலே நாக்குச் சுழன்றுவிட்டது. முளைப்பாரிக்குப் போடுகிற நீளக் குலவை.

பறவை பழத்தைப் போட்டுவிட்டுப் பறந்தது. ஹரீஷ் கேமராவை இறக்கி, "ரெண்டு நாளா இதுக்குத்தாங்க காத்திருந்தேன்" என்றார். டீச்சர், "அம்மா, இது காடு, கல்யாண வீடு இல்ல" என்றார். "பச்ச உடம்புக்காரிக்குப் பழம் வருது. அதைப் பார்த்துட்டு எழவு வீட்டுல நிக்கிற மாதிரியா நிக்கச் சொல்றீக?" என்று நானும் விடவில்லை. முதலாளியிடம் பேசிக்கொள்கிறோம் என்று இரண்டு பேரும் அறைக்குப் போய்விட்டார்கள். உன் மகள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் திரும்பித் திட்டியிருப்பேன், அதற்கும் வழி விடவில்லை.

"அது இனி எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"பயந்திருந்தா இன்னிக்கு வராது அப்பத்தா."

"அப்ப உள்ள இருக்கிறவ?"

அவள் பொந்தையே பார்த்தாள். "நீ போ. அது வராம நான் எந்திரிக்க மாட்டேன்" என்றேன். போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மழை பெய்தது, நின்றது, திரும்பப் பெய்தது. என் இடுப்பு மரத்துப் போனது. பொழுது மங்குகிற நேரத்தில் உஸ்ஸென்று வந்தது. நான் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். உன் மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். கடைசிப் பழம் உள்ளே போகிற வரைக்கும் விடவில்லை. வயசான காலத்தில் உன்னைப் பெற்ற தாயை இப்படி மழையில் உட்கார வைக்கிற வேலை ஒரு வேலையா? ஆகவே என் முடிவு: இது நம்ம பிள்ளைக்கு ஆகாது. திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், மல்லாங்கிணற்றுக்காரர்களுக்குச் சொல்லிவிடு.

உன் அப்பாவை வெயிலில் அலையாமல் இருக்கச் சொல். சுகந்தி மனம் குளிர்ந்து இருக்கட்டும். உன் வண்டிச் சக்கரம் வழியில் நிற்காமல் ஓட, ஊரில் மழை இறங்க, குலசாமி துணை இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
சோலையம்மாள்

பின்குறிப்பு: நேற்றுக் கடிதத்தை ஒட்டப் போகும்போது முதலாளி வந்துவிட்டார். புகார் வந்திருக்கிறது, பிருந்தாவை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன் என்றார். வீரணா, நம்ம பிள்ளையை நாம் வேண்டாம் என்று கூட்டிக்கொண்டு வரலாம். வேறொருத்தர் வேண்டாம் என்று அனுப்புவதா? "சத்தம் போட்டது நான். பறவை திரும்பி வந்துச்சான்னு உக்காந்து பார்த்தது அவ. புகார் சொன்னவுக அந்நேரம் அறையில போர்வைக்குள்ள இருந்தாக. இந்த வேலைக்கு யாரு லாயக்குன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர், நாளைக் காலை அவர்களைத் திரும்பக் கூட்டிப் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். இன்றைக்குப் போனோம். நான் மூச்சு விடவில்லை. ஹரீஷுக்கு வேண்டிய படம் கிடைத்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே முதலாளியிடம் போய்ப் பேசினார். வேலை நிரந்தரமாகிவிட்டது. அதனால் திங்கட்கிழமை வரவில்லை. குஞ்சு வெளியே வருகிற வரைக்கும் நானும் இங்கேதான். மல்லாங்கிணற்றுக்காரர்களிடம் பெண் உத்தியோகத்தில் இருக்கிறாள் என்று சொல். ஆசை இருந்தால் மாப்பிள்ளைப் பையன் இங்கே வரட்டும், அவள் அவனைக் காட்டுக்குள் ஒரு நடை கூட்டிப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுவாள்.