எல்லோரும் உள்ளே வரலாம்

'எல்லோரும் உள்ளே வரலாம்' என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டிய வாசலில் மேலாளர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பலகைக்குக் கீழே மூன்று படிகள். படிகளுக்குக் கீழே, மோட்டார் வைத்த சக்கர நாற்காலியில் ஒருவர் அந்தப் பலகையை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க சார்" என்றார்.

புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு முதலும் பயிற்சியும் தரும் மையம் அது. "ஒரு மாற்றுத்திறனாளியக்கூட சேக்காம என்ன மையம் நடத்துறீங்க?" என்று போன வாரம்தான் தலைவி அம்மா போனில் கடித்துக் குதறியிருந்தார். இன்று மதியம் நேரில் வருகிறார். அப்போது இந்த மனிதர் உள்ளே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலாளர் வேலையை விட்டு வெளியே.

"என்ன தொழில்னு போன்லயே கேட்டேன். நீங்க சொல்லவேயில்ல."

"நேர்ல பாத்தாத்தான் சார் புரியும்."

"அதான் நேர்ல பாத்துட்டோமே!"

"உள்ள போய்ப் பேசலாமே. அதுதானே மரியாதை?"

மேலாளருக்கு மண்டை குடைந்தது. சாலையோரம் நின்ற வேனை எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் அந்த மனிதரின் மனைவி சாவகாசமாகக் கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தூக்கிடலாம் சார்" என்று காவலாளி சட்டைக் கையை மடித்தார்.

"வண்டி மட்டுமே நூறு கிலோ அண்ணே. அதுவுமில்லாம என்னைத் தூக்கறது எனக்குப் பிடிக்காது. கல்யாணத்தன்னிக்கு மச்சானுங்க தூக்கினாங்க. அன்னிக்குப் போன சுதந்திரம் இன்னும் திரும்பல."

"காது கேக்குது எனக்கு!" என்றது வேன்.

மேலாளருக்கு ஒரு யோசனை பிறந்தது. மேஜையை வாசலுக்கே கொண்டுவந்து போட்டு நேர்காணலை அங்கேயே முடித்துவிடலாம். மேஜை வந்தது. கூடவே கூட்டமும் வந்தது. மேஜை போட்டால் ஏதோ இலவசமாகத் தருவார்கள் என்று எதிர்வீடு, பக்கத்துக் கடை எல்லாம் வரிசையில் நின்றுவிட்டன. முதலில் நின்ற பெரியவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"எல்லோரும்ங்கிறது நல்லாத் தெரியுது. உள்ளேங்கிறதுதான் மங்கலா இருக்கு டாக்டர்."

மேஜை உள்ளே போனது.

அடுத்து, அலமாரிக் கதவைக் கழற்றிப் படிகளின் மேல் சாய்த்தார்கள். காவலாளி சோதித்துப் பார்க்க அதன்மேல் ஏறினார். கதவு ஒரு பக்கம் வழுக்கியது, அவர் மறுபக்கம் வழுக்கினார். இரண்டுக்கும் அடி. கதவுதான் பிளந்தது.

"அடிபட்டுச்சா அண்ணே?" என்று நாற்காலிக்காரர் பதறினார்.

"உங்க தொழில் என்னன்னு சொன்னா வலி கொஞ்சம் குறையும் தம்பி" என்றார் காவலாளி.

நாற்காலிக்காரர் சிரித்தாரே ஒழிய சொல்லவில்லை.

பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து கொத்தனாரைக் கூப்பிட்டார் மேலாளர். "இதென்ன பிரமாதம்! அரை மணியில சரிவாப் பூசித் தரேன்" என்று கொத்தனார் கலவையோடு வந்துவிட்டார். மேலாளர் நிம்மதியாக உள்ளே போனதும் வீட்டிலிருந்து போன்.

"என்னங்க, அவர் என்ன தொழில் பண்றாருன்னு தெரிஞ்சுதா?"

"இல்லடி."

"எனக்குச் சமையலே ஓடல. தெரிஞ்சதும் சொல்லுங்க."

வெளியே வேலை முடிந்தது. கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது சரிவு. மேலாளர் ஆசையாகக் காலைத் தூக்கினார்.

"ஐயோ, மிதிச்சிராதீங்க!" என்று கொத்தனார் அலறினார். "நாளைக்குச் சாயங்காலம்தான் காயும்."

"அப்ப நான் எப்படிய்யா வெளிய வரது?"

"நீங்க உள்ளயா இருக்கீங்க?" என்று கொத்தனார் கேட்டார், அப்போதுதான் கவனித்தவர் போல.

வேறு வாசல் கிடையாது. ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி. அந்த நேரம் பார்த்துத் தலைவி அம்மாவின் கார் வந்து நின்றது.

"நீங்க ஏன் அங்கயே நிக்கறீங்க?" என்றார் இறங்கியதும்.

"வெளிய வர முடியலம்மா."

"இவர்?"

"அவரால உள்ள வர முடியலம்மா."

"அப்ப நான்?"

மேலாளர் பரிதாபமாக ஈரச் சிமெண்டைக் காட்டினார். தலைவி அம்மா பலகையை ஒருமுறை படித்தார், சரிவைப் பார்த்தார். பிறகு சக்கர நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்க தம்பி. என்ன தொழில் செய்யறீங்க?"

அவர் வேன் பக்கம் பார்த்தார். மனைவி மடியிலிருந்த கடலைத் தோலை உதறிவிட்டு இறங்கி, வேனின் பின்கதவில் கை வைத்தாள்.

"ஏங்க, தேவை என்னன்னு இப்ப எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும். படிமேல விரிக்கறதுக்கு நாம செஞ்சு விக்கற மடக்குச் சாய்தளத்த ஈரத்துல படாம இறக்கிடட்டுமா, இல்ல சார் இன்னும் கொஞ்ச நேரம் உள்ளயே இருக்கட்டுமா?"