ஃபேன் சுத்தும்போது போன கரண்ட்

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் நாற்பது வயது வரை எனக்கு வரவில்லை. வரவழைத்தது ஒரு மவுஸ்.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு இருக்கும். ஏனாத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கட்டப்போகிறார்கள் என்று காஞ்சிபுரத்துக் காண்ட்ராக்டர்கள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். என் மனைவியின் தம்பி செல்வராஜோடு போனேன். (அவன்தான் என் மேஸ்திரி, என் பொய்களுக்குச் சாட்சியும் அவன்தான்.) அதுவரை வீடு மட்டுமே கட்டியவன் நான். இது கிடைத்தால் இரண்டு வருஷத்துக்கு என் ஆட்களுக்கு வேலை.

சென்னையிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட் மேடம், கம்ப்யூட்டருக்குள் முழுக் கட்டடத்தையும் நிறுத்தி வைத்திருந்தார். படம் இல்லையாம், மாடலாம். எந்தச் சுவரில் எப்போது வெயில் ஏறும், எவ்வளவு செங்கல் பிடிக்கும் என்று கட்டுவதற்கு முன்பே அது சொல்லிவிடுமாம். பொருளும் வீணாகாது, வகுப்பும் கொதிக்காது.

"இதுல பழக்கமிருக்கறவங்க யாராவது இருக்கீங்களா?"

யாரும் அசையவில்லை. என் கை எழுந்தது. செல்வராஜ் சட்டையைப் பிடித்து இழுத்தும் இறங்கவில்லை.

"நல்லதா போச்சு சார். மேற்குப் பக்கத்தைத் திருப்பிக் காட்டிக்கிட்டிருங்க. ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்," என்று மவுஸைக் கொடுத்துவிட்டு மேடம் வெளியே போனார்.

எதையோ அழுத்தினேன். மொட்டை மாடி மறைந்தது. பயத்தில் இன்னொன்றை அழுத்தினேன். முதல் மாடி போனது. உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. அடுத்த அழுத்தலில் சுவர்கள் எல்லாம் போய், திரையில் செப்டிக் டேங்க் மட்டும் தனியாக நின்றது.

"மாமா, இஸ்கூலு எங்க போச்சு?" என்றான் செல்வராஜ், காதோரமாக.

எத்தனை மாத உழைப்போ. போலீஸைக் கூப்பிடுவார்களா? இனி இந்த ஊரில் ஒரு மாட்டுக்கொட்டகையாவது கட்டவிடுவார்களா? வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் குனிந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"என்ன ஆச்சு சார்?"

"கரண்டு போயிடுச்சு மேடம்."

மேடம் இருண்ட திரையைப் பார்த்தார். தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்," என்றேன். "அமுக்கிக்கினே இருந்தேன். பில்டிங்கு பூடுச்சு."

அவர் பிளக்கை வாங்கி மாட்டினார். கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் காமாட்சியில் ஆரம்பித்து வரதர் வரை எல்லாரையும் வேண்டிக்கொண்டேன். பள்ளிக்கூடம் முழுசாகத் திரும்பி வந்தது.

"சேவ் பண்ணி வெச்சிருந்தேன். நீங்க எதையும் அழிக்கலை சார், மறைச்சுதான் வெச்சீங்க," என்றார்.

அந்த வேலை கை தூக்காத ஒருவருக்குப் போனது. ஆனால் மேடம் காண்ட்ராக்டர்களுக்காக நடத்திய சனிக்கிழமை வகுப்பில் முதல் பெயர் என்னுடையது. மேற்குப் பக்கத்தைத் திருப்பவே மூன்று வாரமானது.

போன வருஷம் மகளைப் பெண்பார்க்க வந்த மாப்பிள்ளையின் அப்பா, கூடத்திலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து, "சாருக்குக் கம்ப்யூட்டர் எல்லாம் பழக்கமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது:

"டேய் செல்வராஜு, அந்தப் பிளக்காண்ட போய் நின்னுக்கடா."