சம்பந்தி வீட்டு மருந்துச் சட்டி

"இரும்பு கூடாது, எவர்சில்வர் கூடாது. மண்சட்டியிலதான் காய்ச்சணும். இன்னைக்கே ஆரம்பிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டார் நாய் வைத்தியர்.

லுவோ பெய்ஹுவாவின் வீட்டில் மண்ணால் ஆனது என்று இருந்தது ஒரு பூந்தொட்டிதான்.

நோயாளி அவள் மடியில் கிடந்தது. பெயர் தௌஹுவா, மூக்குச் சப்பையான பீக்கிங் நாய். முன்னங்கால் மூட்டுகள் சிவந்து வீங்கி, எழுந்து நடப்பதையே விட்டுவிட்டது. வைத்தியர் அதன் தொடையில் விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை இழுத்துப் பார்த்தார். பிறகு நாயை விட்டுவிட்டு லுவோவை முறைத்தார்.

"மிளகாய் எண்ணெயில முக்கினது ஏதாவது குடுத்தீங்களா?"

"நான் சாப்பிடறப்ப வாயையே பார்த்துக்கிட்டிருக்கும். குடுக்காம எப்படிங்க?"

"ஈரமும் சூடும் சேர்ந்து மூட்டுல போய் உக்காந்திருக்கு. கசாயத்தைக் குடுங்க. உங்க சாப்பாட்டைக் குடுக்காதீங்க."

புருஷன் போன பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை அந்த நாய்தான். மகன் வெய்தோங்கும் வீட்டில் பேசுவான், ஆனால் கைப்பேசியோடு பேசுவான். நாய்க்கு ஒன்று ஆகிவிட்டால் தன்னால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

செங்டுவில் மருந்துச் சட்டியை யாரும் லேசில் கடையில் வாங்க மாட்டார்கள். வாங்கினால் வியாதியையும் கையோடு கூட்டி வந்ததாக அர்த்தம். அதனால் கட்டடத்தில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும், மற்றவர்கள் இரவல் வாங்குவார்கள். வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது அதைவிடக் குற்றம். நோயை அவர்கள் வாசலில் இறக்கி வைத்த மாதிரி. சட்டிக்காரர் வீட்டில் யாராவது படுத்தால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கட்டடத்தின் சட்டி மூன்றாம் மாடியில், பாங் குய்லான் வீட்டில் இருந்தது. சிக்கலும் அங்கேதான். பாங்கின் மகள் யுன்யுன்னுக்கும் வெய்தோங்குக்கும் வரும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்த விருந்து. அதற்கு முன் பெண் பார்த்த இடங்களில் எல்லாம் தேநீர் குடித்துவிட்டு வந்ததுதான் மிச்சம். இதுவும் நழுவினால் வெய்தோங் கைப்பேசியைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தப் பாங்குக்கோ நாய் என்றாலே ஆகாது. தௌஹுவா படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் துடைப்பத்தோடு வந்து நிற்பாள்.

"மருந்துச் சட்டியா? யாருக்கு, சம்பந்தி?" என்று கேட்டாள் பாங். உள்ளே மாஜாங் ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது.

"எனக்குத்தான். மூட்டு வலி."

"ஐயையோ, உடம்பைப் பார்த்துக்குங்க." பாங் சமையலறைக்குள் ஓடி, கைக்கு அகப்பட்டதை எடுத்து வந்து நீட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினாள்.

கசாயம் கொதித்தது. கட்டடம் முழுக்க நாறியது. தௌஹுவா கிண்ணத்தில் ஊற்றினால் தலையைத் திருப்பிக்கொண்டது. சட்டியைக் கீழே இறக்கி வைத்ததும், என்ன தோன்றியதோ, மூக்கை உள்ளே விட்டு நக்கிக் குடித்தது. சரி, எப்படியோ உள்ளே போனால் போதும் என்று லுவோ விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே பாங் வந்து நின்றாள். கண் நேராக அடுப்புக்குப் போனது.

"சம்பந்தி, அந்தச் சட்டியில காய்ச்சியாச்சா?"

"ஆச்சே."

"குடிச்சுமாச்சா?"

லுவோ அடுப்பை மறைத்து நின்றாள். நாய் வாடை அடித்துவிட்டது போலிருக்கிறது, இல்லாவிட்டால் ஏன் இப்படித் துருவ வேண்டும்? சந்தேகத்தை முளையிலேயே கிள்ளிவிட நினைத்து, நாய்க்கு வைத்திருந்த கசாயத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, பாங்கின் கண் முன்னாலேயே மடக் மடக்கென்று குடித்துத் தீர்த்தாள். கசப்பு உச்சந்தலை வரை ஏறியது.

பாங்கின் முகம் வெளுத்துவிட்டது. "எல்லாத்தையுமா குடிச்சிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மாடியேறிவிட்டாள்.

மத்தியானம் கருங்கோழி சூப்போடு மறுபடி வந்தாள். "அந்தக் கசாயத்தை விட்டுடுங்க. இதைக் குடிங்க. உடம்பு எப்படி இருக்கு?"

'பரம்பரை வியாதியா என்று ஆழம் பார்க்கிறாள்' என்று கணக்குப் போட்டாள் லுவோ. வரப்போகும் மாமியாருக்கு மூட்டு வியாதி என்றால் நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வரும் என்று பெண் வீட்டில் யோசிக்க மாட்டார்களா? மூட்டு வலியைக் கைவிட்டாள்.

"மூட்டெல்லாம் ஒண்ணுமில்லைங்க. லேசா வயிறுதான் சரியில்ல."

"வயிறா?" பாங் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "எப்போதிலேருந்து? சட்டி வாங்கினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

பழைய வியாதி என்றால்தானே வம்பு? புதிதாக வந்தது என்றால் தப்பித்தோம்.

"சத்தியமா பின்னாடிதான்! அதுக்கு முன்னாடி எனக்கு வயித்து வலின்னா என்னன்னே தெரியாது!"

பாங் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டியது. நல்ல செய்திக்கு இவள் ஏன் அழுகிறாள் என்று லுவோவுக்குப் புரியவில்லை. வாந்தி உண்டா, பேதி உண்டா என்று பாங் கேட்டதற்கெல்லாம், சந்தேகம் வராதிருக்க, உண்டு உண்டு என்று சொல்லி வைத்தாள்.

அடுத்த நாள் கதவு இடிபட்டது. தௌஹுவா சட்டிக்குள் முகத்தை விட்டிருந்த நேரம்.

"சம்பந்தி! சட்டியை எடுத்துக்கிட்டுப் போக வந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு உடம்பு அனலாக் கொதிக்குது!"

பாங்கின் வீட்டுக்காரர் ஷியே சாப்பாட்டுக்கு மட்டும் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மனிதர். சற்று முன்தான் லுவோ அவரைத் துணிக்கொடி ஓரம் பார்த்திருந்தாள். சீட்டியடித்துக்கொண்டு புறாக்களைப் பறக்க விட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சலாம் காய்ச்சல்! சோதனை போட வந்திருக்கிறாள்.

பாங்கின் குரலைக் கேட்டதும் தௌஹுவாவுக்குத் துடைப்பம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். வந்த வேகத்தில் எகிறிக் குதித்தது. நாய் நடந்ததே என்று லுவோ சந்தோஷப்படுவதற்குள் சட்டி உருண்டு, சுவரில் மோதி, இரண்டாகப் போயிற்று.

"இப்பத்தான் அடுப்புல வெச்சேன்! நாளைக்கு வாங்க!" என்று கதவைத் திறக்காமலே கத்தினாள்.

"அதுல காய்ச்சாதீங்க சம்பந்தி! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

லுவோ இரண்டு பேருந்து மாறிப்போய், தெரிந்தவர்கள் கண்ணில் படாத ஒரு சந்தையில், ஊறுகாய்க்கு என்று பொய் சொல்லிப் புதுச்சட்டி ஒன்றை வாங்கி வந்தாள். அடுப்புக்கரியைப் பூசினாள், கசாயச் சக்கையால் தேய்த்தாள், அதுவும் போதாமல் சோயா சாற்றைக் காய்ச்சிக் கறை ஏற்றினாள். பார்ப்பதற்கு மூன்று தலைமுறைக்கு வைத்தியம் பார்த்த சட்டி மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் பாங் வந்தாள். சட்டியை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இது என் சட்டி இல்லையே. அதுல கழுத்தைச் சுத்திக் கம்பி கட்டியிருக்குமே?"

லுவோவுக்கு அதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை. அழுதேவிட்டாள்.

"மன்னிச்சுக்குங்க சம்பந்தி. எனக்கு ஒரு நோயும் இல்ல. மூட்டும் இல்ல, வயிறும் இல்ல. மருந்து இந்த நாய்க்கு. உங்க சட்டியிலதான் காய்ச்சினேன், அதுவும் அதுலேயே வாய் வெச்சுக் குடிச்சுது. நேத்து உருட்டி உடைச்சும் போட்டிடுச்சு."

"நாய்க்கா?" பாங் மெல்லக் கேட்டாள். "அப்ப நீங்க குடிக்கலையா?"

"உங்க முன்னாடி குடிச்ச ஒரு கிண்ணம்தான்."

"வாந்தி, பேதி?"

"எல்லாம் சும்மா சொன்னது."

பாங் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். முகத்தில் ரத்தம் திரும்பியது. தோள் நிமிர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆளே ஒரு சுற்றுப் பெரிதானாள்.

"நல்லா இருக்கு சம்பந்தி நியாயம்! எங்க மாமியாரும் மாமனாரும் மருந்து குடிச்ச சட்டி! அதுல நாய் நக்குறதா? இப்படிப்பட்ட வீட்டுக்கு என் பொண்ணு வந்தா, அவ தட்டுல யார் யார் வாய் வைப்பாங்களோ!"

"தெரியாம பண்ணிட்டேன் சம்பந்தி..."

"வேண்டாம், ஒண்ணும் சொல்லாதீங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்த நாய் இந்த வீட்டை விட்டுப் போகணும். நாயா, சம்பந்தமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

லுவோ தௌஹுவாவைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். வீக்கம் வடிந்த கால்களால் அது அவள் தோளைப் பற்றியது. மகன் முகமும் நாய் முகமும் மாறி மாறி வந்தன.

"சரிங்க. ஊர்ல தங்கச்சி இருக்கா. அவகிட்ட விட்டுடறேன்" என்றாள், அதன் தலையைத் தடவியபடி.

பாங் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினாள். அந்த நேரம் பார்த்து மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷியே மூன்றாம் மாடியில் நின்று, கீழே யார் இருக்கிறார்கள் என்று பாராமல், கட்டடமே கேட்கும்படி கத்தினார்:

"அடியே குய்லான்! என் புறாவுக்கு மருந்து காய்ச்சுற சட்டியைத் தூக்கிச் சம்பந்தியம்மாவுக்குக் குடுத்துட்டேன்னு மூணு நாளா அழுதியே, அவங்க கண்டுபிடிக்கிறதுக்குள்ள அதை வாங்கிட்டியா இல்லியா?"